ஓய்வுக்குப் பின் எந்த ஊர்?

முப்பது முப்பத்தைந்து வருடங்கள் உத்தியோகம் பார்த்தவர்களின் வீடுகளில், ஓய்வு நெருங்கும்போது ஒரு பேச்சு ஆரம்பமாகும். கொழும்பிலேயே இருந்துவிடுவதா? பிறந்த ஊருக்குத் திரும்புவதா? மகளோடு போய் இருப்பதா? குளிரான இடமாகப் பார்த்து ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டுவதா? பெரும்பாலும் இந்தப் பேச்சை ஆரம்பிப்பவர் கணவர். முடிவு செய்பவரும் அவரே. மனைவி, “உங்களுக்கு விருப்பமென்றால் சரி” என்பதோடு நின்றுவிடுகிறார்.

ஆனால் அந்த வீட்டில் கூடுதலான காலம் வாழப்போவது யார் என்று சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நம் நாட்டில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களுடையதை விட ஆறு வருடங்களளவு கூடியது. கணவனுக்கும் மனைவிக்குமிடையே நாலைந்து வயது வித்தியாசம் இருப்பதும் நம் குடும்பங்களில் சாதாரணம். இரண்டையும் கூட்டினால் பத்து வருடங்கள் வந்துவிடும். யார் முந்துவார் என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். எனினும் ஊரைச் சுற்றிப் பார்த்தால், கணவனை இழந்து தனித்திருக்கும் மூத்தம்மாக்களே அதிகம். ஆகவே, “நாம் இருவரும் எங்கே வசதியாக இருக்கலாம்?” என்று மட்டும் கேட்டால் போதாது. “ஒருவர் போன பின் மற்றவர் அங்கே தனியாக இருக்க முடியுமா?” என்பதையும் இப்போதே கேட்க வேண்டும்.

பிறந்த ஊர் யாருடைய ஊர்?

“ஊருக்கே போய்விடுவோம்” என்பதுதான் பலரின் முதல் எண்ணம். அக்குறணை, மாவனல்லை, பேருவளை என்று அது கணவரின் ஊராக இருக்கும். அவருக்கு அங்கே பள்ளிவாசல் இருக்கிறது. ஐவேளை தொழுகைக்குப் போய் வந்தாலே நாலு பேரைச் சந்திக்கலாம். பள்ளித் தோழர்களும் இருப்பார்கள். மனைவியின் நிலை அப்படியல்ல. அவருடைய முப்பது வருடப் பழக்கமெல்லாம் தெமட்டகொடையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கிறது. அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீட்டுக்காரி அங்கேதான் இருக்கிறாள். புதிய இடத்தில் அவருக்குக் கிடைப்பது பெரிய குசினியும் பெரிய முற்றமும் மட்டுமே.

நாளை கணவர் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் அவர் இத்தா இருக்கப்போவது அந்த வீட்டில்தான். அப்போது மருந்து வாங்கிக் கொடுக்கவும், இரவில் துணைக்குப் படுக்கவும் அங்கே யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதிலாக இரண்டு பெயர்களாவது சொல்ல முடியாத ஊர், எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய ஊரே.

மகளுக்கு எழுதிய வீடு

இந்த விடயத்தில் கிழக்கு மாகாணப் பெண்கள் ஓரளவு பாக்கியசாலிகள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். உம்மாவும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அடுத்த தெருவிலோ இருப்பார்கள். வயதான காலத்தில் தனிமை என்பது அங்கே குறைவு.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றதும் தாங்கள் இருந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பக்கத்தில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அதையும் கொடுப்பார்கள். ஓய்வு வரும்போது தங்களுக்கென்று எஞ்சியிருப்பது ஓர் அறையாகவோ பின்பக்கத்துச் சாய்ப்பாகவோ இருக்கும். மகள் நல்லவள்தான், மருமகனும் நல்லவர்தான். ஆயினும் அந்த வீடு கடனுக்கு ஈடு வைக்கப்பட்டால், அல்லது மகள் வெளிநாடு போய்விட்டால் இவர்கள் எங்கே போவது?

வீட்டை நன்கொடையாக எழுதும்போதே, தாங்கள் உயிரோடிருக்கும் வரை அதில் வசிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுத முடியும். சீவிய உரித்து என்று சொல்வது இதைத்தான். நொத்தாரிசிடம் கையெழுத்து வைக்குமுன் இதைப் பற்றி விளக்கமாகக் கேளுங்கள். இது மகள் மீதுள்ள சந்தேகமல்ல. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் மீது சுமத்தியிருக்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு. ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக முறைப்பாடு எழுத எந்த உம்மாவுக்கு மனம் வரும்? முன்கூட்டியே உறுதியில் ஒரு வரி எழுதிக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

உறுதியில் யார் பெயர்?

அடுத்து, புதிதாக வாங்கும் வீட்டைப் பார்ப்போம். மனைவி ஆசிரியையாக இருந்து உழைத்த பணமும் அதில் சேர்ந்திருக்கும், நகையும் விற்றிருப்பார். ஆனால் உறுதி கணவரின் பெயரில் மட்டும் இருக்கும். பிள்ளைகள் உள்ள ஒருவர் மௌத்தானால், அவருடைய சொத்தில் மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று. நம் நாட்டில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றமும் இந்த முறையையே ஏற்றுக்கொள்கிறது. வீட்டின் பெறுமதி 80 இலட்சம் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு வருவது 10 இலட்சம். பிள்ளைகளில் ஒருவர் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்டால், எழுபது வயதில் அவர் வீடு தேடி அலைய வேண்டியதுதான்.

இது மார்க்கத்தின் குறையல்ல. மனைவியின் உழைப்பு மனைவியுடையதே என்று மார்க்கம் தெளிவாகச் சொல்கிறது. அதை உறுதியில் காட்டாமல் விட்டது நாம்தான். இருவர் பெயரிலும் வாங்கலாம். கணவர் தன் சுகமான காலத்திலேயே மனைவிக்கு ஹிபாவாக எழுதி ஒப்படைக்கலாம். ஆலிம் ஒருவரிடமும் சட்டத்தரணி ஒருவரிடமும் கேட்டுச் செய்தால் பின்னர் பிரச்சினை வராது.

வருமானத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வூதியம் அவர் மௌத்துக்குப் பின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமாக மனைவிக்குத் தொடர வழியுண்டு. தனியார் துறையில் கிடைக்கும் சேமலாப நிதி ஒரே தடவையில் கைக்கு வரும் பணம். அது முழுவதையும் கல்லிலும் சீமெந்திலும் போட்டுவிட்டால் மாதாந்தச் செலவுக்கு எதுவும் மிஞ்சாது.

வடக்கிலிருந்து வந்தவர்கள்

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பும் வழி திறந்தது. முசலியில் வயலும் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பழைய வளவும் வாப்பாவை அழைக்கின்றன. பிள்ளைகளுக்கோ புத்தளம்தான் வளர்ந்த ஊர். அவர்களின் தொழிலும் கல்யாணமும் அங்கேயே. இப்படியான வீடுகளில் உம்மா இரு பக்கமும் இழுபடுகிறார். சொந்தக் காணியைக் கைவிடாமல் உறுதிகளைச் சீராக்கி வைத்துக்கொண்டு, குடியிருப்பைப் பிள்ளைகளுக்கு அருகில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. மண்ணின் மீது உரிமை வைத்திருப்பதற்கு அங்கே தனியாக இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

காணி வாங்குமுன்

வைத்தியசாலையை முதலில் பாருங்கள். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் மாதாமாதம் கிளினிக் போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் அங்கே போய்வர ஒவ்வொரு முறையும் வாகனம் பிடிப்பதென்றால் அந்தப் பணம் அதில் போய்விடும். பஸ் ஓடும் வீதிக்கு நடக்கக்கூடிய தூரத்தில் வீடு இருப்பது, கார் ஓட்டத் தெரியாத பெண்ணுக்குப் பெரும் உதவி.

மலைநாட்டின் குளிர்ச்சி அறுபது வயதில் இனிக்கும். எழுபத்தைந்தில் வாசலுக்கு ஏறும் இருபது படிகள் மூட்டு வலியாகத் தெரியும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைக் கேட்டுப் பெறாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்ததை மறக்கலாமா? அக்குறணை நகரில் பிங்கா ஓயா பெருகினால் கடைகளுக்குள் வெள்ளம் வருவதும் புதிதல்ல. தொடர்மாடி என்றால் லிப்ட் வேலை செய்கிறதா, அதற்கு மாதம் என்ன கட்டணம் என்று கேளுங்கள். எந்த வீடானாலும் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும், உட்கார்ந்து எழும்பக்கூடிய கொமட் உள்ள குளியலறையும் இருக்கட்டும்.

இருக்கும் வீட்டை விற்குமுன், போக நினைக்கும் ஊரில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதில் ஒரு மழைக்காலமும், முடிந்தால் ஒரு நோன்பு மாதமும் அடங்கட்டும். கொழும்பில் விற்ற வீட்டை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது.

சகோதரிகளே, இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் எழும்போது “உங்கள் விருப்பம்” என்று எழுந்து குசினிக்குப் போய்விடாதீர்கள். அமர்ந்து கேளுங்கள், உங்கள் பயங்களையும் சொல்லுங்கள். கணவரின் மௌத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று தயங்க வேண்டாம். தனக்குப் பின் தன் மனைவி யாருடைய வாசலிலும் நிற்கக் கூடாது என்று நினைக்காத கணவர் உண்டா? அவருக்கு அதை நினைவுபடுத்தினால் போதும்.