பேரீச்சம்பழத்துக்குப் போன தஞ்சாவூர் ராஜா ஆயுதங்கள்!

மதுரை கே.கே. நகரில் இருந்து எட்டி நடந்தால் மாட்டுத்தாவணி. அங்கே தஞ்சாவூர் பஸ் ஏறினால் அரண்மனையைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பி விடலாம். அரண்மனையில் 'ஆயுத கோபுரம்' என்று ஒரு கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த ஆயுதங்களைப் பார்க்கச் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பதும் மிச்சம் மீதிதான்!

மற்றதெல்லாம் எங்கே? பழைய இரும்பாகப் போய்விட்டது!

1855-ல் தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யத்தை வெள்ளைக்காரன் எடுத்துக் கொண்டான். 1860-களில் ஆயுதசாலையைக் காலி செய்தார்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மீதியை உடைத்து எடைக்குப் போட்டார்கள்!

கையை மூடும் யாளி

தப்பியவற்றில் பார்க்க வேண்டியது கட்டாரி. குறுக்குப் பிடியை முஷ்டியால் பிடித்து நேராகக் குத்துகிற ஆயுதம் இது. சாதாரணக் கட்டாரியில் புறங்கை வெளியே தெரியும். எதிரி வாள் பட்டால் விரல் போச்சு! தஞ்சாவூர்க் கொல்லர்கள் அந்தப் புறங்கைக்கு ஒரு கவசம் வைத்தார்கள். சிப்பி போல, இலை போல வளைந்த இரும்புத் தகடு. சும்மா தகடு அல்ல. துளைத்துத் துளைத்து யாளியும் கொடியுமாக வேலைப்பாடு. கோயில் தூணில் சிற்பி கல்லில் செய்ததைக் கொல்லர் இரும்பில் செய்துவிட்டார்!

அலகு மட்டும் பலவற்றில் ஐரோப்பிய வாளின் துண்டு. சீமைச் சரக்குக்கு அப்பவே கிராக்கி!

மதுரைக்கும் பங்கு உண்டு

இந்தக் கட்டாரிகளில் பல, 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1673-ல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சாவூரைப் பிடித்தது. கிழவர் விஜயராகவ நாயக்கர் சண்டையிலேயே மாண்டார். நம்ம ஊர்க்காரன் மேல் பாய்ந்த கட்டாரியும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்குதோ என்னவோ, யார் கண்டது?

ஜப்பானிலும் இதே கதை

ஜப்பானில் 1876-ல் சாமுராய் வீரர்கள் வாள் கட்டி நடக்கத் தடை வந்தது. சின்னச் சின்னத் தகடுகளுக்கு அரக்குப் பூசி, பட்டுக் கயிற்றால் கோத்த கவசங்கள் அடிமாட்டு விலைக்கு வெளிநாட்டாரிடம் போயின. ஆனாலும் கோயில்களிலும் குடும்பங்களிலும் காப்பாற்றி வைத்தது ஏராளம். டாத்தே மசமுனே என்ற பிரபுவின் கறுப்புக் கவசம் சென்டாய் நகர மியூசியத்தில் இருக்கிறது. அவருடைய ஹெல்மெட்டில் பெரிய பிறை நிலா! ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை.

அங்கே மே 5-ந்தேதி வந்தால், ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் சின்ன சாமுராய் ஹெல்மெட்டை எடுத்து அலங்காரமாக வைக்கிறார்கள்.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு.