ஒரு சிப்பர் கப்புக்காக மனு... கைதிகளுக்காக அலைந்து கைதியாகவே இறந்த ஸ்டேன் சுவாமி!

தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்ட 83 வயது கைதியை ஞாபகம் இருக்கிறதா? பார்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் தவித்த அவர் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர்.

2020 நவம்பர் 6-ம் தேதி மனுப் போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ-வுக்குக் கிடைத்தது 20 நாள் அவகாசம். அது முடிந்து வந்த பதில், அப்படி எந்தப் பொருளையும் அவரிடமிருந்து நாங்கள் எடுக்கவில்லை என்பதுதான். கொதித்துப்போன பலர், நவி மும்பை தலோஜா சிறை முகவரிக்கே ஆன்லைனில் சிப்பர் ஆர்டர் செய்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், கைதாவதற்கு முன்பு அவர் செய்துவந்த வேலையே சிறையில் கிடப்பவர்களுக்காக அலைவதுதான்.

யார் இந்தக் கைதிகள்?

ஜார்கண்டில் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் போவதை எதிர்த்த ஆதிவாசி இளைஞர்கள் பலர், நக்சல் என்ற முத்திரையோடு சிறைக்குப் போனார்கள். ராஞ்சி அருகே 'பகைச்சா' என்ற மையத்தை நடத்திய ஸ்டேன் சுவாமி, குழுவாகப் போய் இந்த விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வு செய்தார். பெரும்பாலோர் மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கும் ஏழைகள், தங்களுக்கும் மாவோயிஸ்ட்டுகளுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னவர்கள். சுமார் 3,000 பேருக்காக ஜார்கண்ட் ஹைகோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டார். வழக்கறிஞர் சுதா பரத்வாஜோடு சேர்ந்து, கைதிகளுக்குத் துணைநிற்க ஒரு குழுவையும் தொடங்கினார்.

கம்பிக்குப் பின்னால்...

2020 அக்டோபர் 8-ம் தேதி, பீமா கோரேகான் வழக்கில் என்.ஐ.ஏ அவரைக் கைது செய்தது. பாய்ந்தது உபா சட்டம். 'நான் பீமா கோரேகானுக்குப் போனதே இல்லை' என்பதுதான் அவர் தரப்பு. உபா வழக்கில் குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மைபோலத் தெரிந்தாலே ஜாமீன் கிடைக்காது. 2021 மார்ச்சில் அவர் ஜாமீன் மனு தள்ளுபடியானது.

சாப்பிடவும் குளிக்கவும் சக கைதிகள்தான் உதவினார்கள். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தன் கஷ்டத்தைவிட, என்ன வழக்கு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வருடக்கணக்கில் அடைபட்டிருக்கும் ஏழைகளைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தார். ராஞ்சிக்குப் போய் தன் மக்களோடு இருக்க இடைக்கால ஜாமீன் கேட்டார். கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5-ம் தேதி, ஜாமீன் மனு மும்பை ஹைகோர்ட்டில் விசாரணைக்கு வந்த நேரத்தில், மருத்துவமனையில் இறந்துவிட்ட செய்தி நீதிபதிகளிடம் சொல்லப்பட்டது. அவர் மீதான வழக்கில் சாட்சி விசாரணை தொடங்கவே இல்லை.

நான்கில் மூன்று பேர்!

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாமலே உள்ளே இருந்தவர்கள். ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட வழியில்லாமல் சிறையிலேயே இருப்பவர்களும் உண்டு.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இப்படித் தவிக்கிறதா? இவற்றைச் சொல்லுங்கள்.

* சிறையில் இருக்கும் யாருக்கும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

* புதிய பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 479-வது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு இது பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது.

* பிணைத்தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023 முதல் இருக்கிறது.

ஸ்டேன் சுவாமிக்கு சிப்பர் அனுப்ப ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் திரண்டார்கள். அவர் யாருக்காக அலைந்தாரோ, அவர்களுக்காகச் சிறை வாசலில் நிற்பது பெரும்பாலும் ஓர் அம்மாவோ மனைவியோ மட்டும்தான். அடுத்த முறை அப்படி ஒருவரைப் பார்த்தால், 15100 என்ற எண்ணை எழுதிக்கொடுங்கள். முடிந்தால், சட்ட உதவி மையம் வரை கூடவே போய்வாருங்கள்.