பூவும் புண்பட்ட மனமும்

சாகாமக் குளத்து நீர் பாயும் வயலில் எங்களுக்கும் ஒரு துண்டு உண்டு. சென்ற ஆண்டு அதைப் பார்க்கப் போனபோது, சாய்ந்தமருதிலிருந்து ராத்தாவும் உடன் வந்திருந்தார். வரம்பில் அமர்ந்ததும் ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டினார்.

"தம்பி, லண்டனிலிருந்து மகன் அனுப்பினது. பூ மருந்தாம். நாலு சொட்டு விட்டால் ஒரே நினைவு திரும்பத் திரும்ப வராதாம். குடிக்கலாமா?"

அது எந்த நினைவு என்று நான் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது அவர் கையிலிருந்து நழுவிய குழந்தை, இரவுதோறும் நழுவிக்கொண்டே இருந்தது.

வீடு திரும்பி ஆராய்ந்தேன். 'வெள்ளைச் செஸ்நட்' என்னும் அம்மருந்தை வகுத்தவர் எட்வர்ட் பாச் என்னும் ஆங்கில வைத்தியர் (1886-1936). 1930இல் லண்டனை விட்டு நாட்டுப்புறம் சென்று, மொத்தம் 38 மருந்துகளை உருவாக்கினார். குதிரைச் செஸ்நட் மரத்தின் பூக்களைத் தெளிந்த நீரில் மிதக்கவிட்டு வெயிலில் வைப்பார். பின்னர் அந்நீருடன் சரிபாதி பிராந்தி சேர்ப்பார். அதில் இரண்டு துளியே புட்டிக்குப் போகும், எஞ்சியது பிராந்தி. ராத்தாவின் புட்டிச் சீட்டும் மதுசாரம் உண்டென்றே கூறிற்று.

மனத்துயரையும் நோயாக மதித்த அம்மனிதரின் கருணையை நான் குறைகூறேன். ஆயினும், பூ மருந்தையும் வெறும் போலி மருந்தையும் நோயாளர் அறியாவண்ணம் கொடுத்துப் பார்த்த சோதனைகளை, எட்சார்ட் ஏர்ன்ஸ்ட் என்னும் பேராசிரியர் 2010இல் தொகுத்து ஆராய்ந்தார். இரண்டுக்கும் வேற்றுமை காணப்படவில்லை.

நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் எண்ணினேன். ஆனால், அறியாமல் மதுவைப் பருக விடவும், உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடவும் மனம் ஒப்பவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அப்படியெண்டால் எனக்கு மருந்தே இல்லையா?" என்றார் ராத்தா.

அக்கேள்விக்கு விடை தேடி, ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். நினைவைத் துரத்தத் துரத்த அது வலுக்கும் என்றார் வைத்தியர். அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி, இரவில் வந்தால் நாளைக்கென ஒத்திவைக்கப் பழக்கினார். நிகழ்ந்ததை முதலிலிருந்து முடிவுவரை வாய்விட்டுச் சொல்லவும் வைத்தார். குழந்தையின் பெயரை ராத்தா உரக்கச் சொன்னதை அன்றுதான் மீண்டும் கேட்டேன்.

துயரம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், வாசகர்களே. சில இரவுகளில் இப்போது அவர் உறங்குகிறார். அந்தச் சில இரவுகளே எங்களுக்குப் பெரிது.