குப்பையை எரித்தால் கரன்ட் வரும்... ஈரக் குப்பையை எரித்தால்?

நேற்று ராத்திரி எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைப் பேப்பரில் கொட்டிப் பார்த்தேன். (அம்மா முறைத்தது தனிக்கதை!) காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, மிஞ்சிப்போன சாதம், வாழைப்பழத் தோல். அடியில் இரண்டு பால் பாக்கெட், ஒரு சிப்ஸ் கவர். இதற்குத் தீக்குச்சி கிழித்துப் போட்டால் கொஞ்சம் புகையும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கூடைகளை நம்பித்தான் நம் ஊரில் குப்பை மின்நிலையங்கள் திட்டமிடப்படுகின்றன. வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைமேட்டில் அப்படி ஒன்றை அமைக்க மாநகராட்சி முயல, 2025 மே மாதம் அந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

தொழில்நுட்பம் எளிமையானதுதான். உலையில் 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் குப்பையை எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. வெப்பம் குறைந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும். குப்பையில் ஈரம் இருந்தாலோ, அதை உலர்த்தவே கணிசமான வெப்பம் போய்விடும்.

இதை டெல்லி எப்போதோ அனுபவித்துவிட்டது. 1987-ல் திமர்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஒரு நிலையம் கட்டினார்கள். தினமும் 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுப்பது திட்டம். சோதனை ஓட்டம் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. இயந்திரம் எதிர்பார்த்த வெப்பம் டெல்லிக் குப்பையில் இல்லை. ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் அதிகம். நம்முடையதில் பாதிக்குமேல் சமையலறைக் கழிவு, கூடவே தெருவில் கூட்டிய மண்!

2012-ல் டெல்லி ஓக்லாவில் 16 மெகாவாட் நிலையம் வந்தது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் புகையை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள். கோடையில் டெல்லியின் மின்தேவை 8,000 மெகாவாட்டைத் தாண்டும். அதில் 16 என்பது சாம்பாரில் பெருங்காயம். ஆக, இந்த நிலையங்களின் உண்மையான வேலை குப்பையைக் குறைப்பதுதான், மின்சாரம் கொசுறு. அதிலும், எரித்த பிறகு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை சாம்பலாக மிஞ்சும். புகைவடிகட்டியில் சேரும் சாம்பலில் நச்சு அதிகம் என்பதால், அதைப் பாதுகாப்பாகப் புதைக்க மறுபடியும் இடம் தேட வேண்டும்.

'கோபன்ஹேகனில் குப்பை மின்நிலையத்தின் கூரையிலேயே பனிச்சறுக்கு விளையாடுகிறார்களே?' என்று கேட்கலாம். உண்மைதான், 2019 முதல் விளையாடுகிறார்கள். ஆனால், அந்த நிலையத்தின் பெரிய லாபம் வெந்நீர். குளிர்கால வீடுகளைச் சூடாக்க அதைக் குழாயில் அனுப்புகிறார்கள். சென்னை வெயிலில் அதை யார் வாங்குவார்?

இதைப் படிக்கும்போது எனக்கு உறைத்தது வேறு விஷயம். குப்பையில் நன்றாக எரிபவை காகிதம், அட்டை, பிளாஸ்டிக். காயலான் கடையில் எடை போட்டு வாங்குவதும் இவற்றைத்தான். கொடுங்கையூர் மேட்டில் குப்பை பொறுக்கும் குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் இவைதான். உலை கேட்பது அவர்களுடைய சரக்கை. விலையும் போகாமல் நன்றாகவும் எரிகிற சிப்ஸ் கவர் மாதிரிச் சமாசாரங்களுக்கு மட்டும் உலை என்றால், அதில் நியாயம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான்: மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத கழிவை எரிசக்திக்குப் பயன்படுத்தலாம். காய்கறித் தோல் அந்தக் கணக்கிலேயே வராது. அதற்கு உரக்குழியோ சாண எரிவாயு மாதிரியான கலனோ போதும்.

இன்று காலை எங்கள் வீட்டில் இரண்டு கூடை, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. "பால் பாக்கெட்டைக் கழுவித்தான் போடணுமாடி?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. கழுவிக் காயவெச்சா காயலான் கடைக்காரரே எடுத்துப்பார்!"