வீழ்ந்த தடியும் எழுந்த மாணவனும்



ஹெந்தளையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் களனி ஆற்றைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் பேருந்தில் சென்று கற்கும் நம் பிள்ளைகளுள், பாடங்கள் முடிந்த பின்னரும் மைதானத்தில் பயிற்சி பெற்று, இருட்டிய பின் வீடு திரும்புவோர் உண்டு. அவர்களுள் உயர்தர வகுப்பின் இறுதியாண்டில் இருப்போரின் நிலை தனியானது. ஒருபுறம் பரீட்சை, மறுபுறம் பாடசாலையின் பெயரைத் தாங்கிக் களமிறங்கும் கடைசி வாய்ப்பு.

“ஓடி என்னத்தைக் காணப்போகிறாய், போய்ப் படி” என்னும் வீடும் உண்டு. “முதலிடம் வராவிட்டால் மானம் போய்விடும்” என்னும் வீடும் உண்டு. குரல்கள் வேறுபட்டாலும் இரண்டின் கேள்வியும் ஒன்றே: இதனால் என்ன கிடைக்கும்? இந்தப் பிள்ளை எத்தகைய மனிதனாக வளர்கிறான் என்னும் கேள்வி இரு வீடுகளிலும் எழுவதில்லை.

இக்கேள்விக்கு விடை தரும் வாழ்வொன்று நம்மவரிடையே உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், உயரம் பாய்தலில் இலங்கையைப் பிரதிநிதித்துவம் செய்தார். அப்போது அவருக்கு வயது 17. பதக்கம் கிடைக்கவில்லை. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். அங்கும் பதக்கம் இல்லை. 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். அப்போட்டிகளில் நம் நாடு பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார்.

தோக்கியோவின் தங்கத்தை நினைவுகூருவோர் பலர். 1952க்கும் 1958க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை எண்ணிப்பார்ப்போர் சிலரே. 17 வயதில் பதக்கமின்றித் திரும்பிய மாணவன், ‘எனக்கு இது போதும்’ என்று ஒதுங்கியிருந்தால் 23 வயதில் அந்த மேடையில் நின்றிருக்க முடியாது. அந்தத் தங்கத்தின் விதை, எவரும் கைதட்டாத அந்த ஆண்டுகளில் புதைந்து கிடந்தது.

உயரம் பாய்தல் போட்டியின் ஒழுங்கைச் சற்றே கவனியுங்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டியாளர் வெளியேற வேண்டும். மற்றெல்லோரும் வெளியேறிய பின்னரும் வென்றவர் விரும்பினால் தடியை மேலும் உயர்த்திப் பாயலாம். ஆகவே வெற்றியாளரும் பெரும்பாலும் தடியைத் தட்டி வீழ்த்திய பின்னரே களத்தை விட்டு நீங்குகிறார். வீழ்ந்த தடி அவருக்கு அவமானமன்று. தம்மால் இயன்றதைவிட உயர்ந்த ஒன்றை அவர் நாடினார் என்பதற்கு அதுவே சாட்சி. தடி வீழும் என்று அஞ்சுகிறவன் ஓடத் தொடங்கவே மாட்டான்.

திருத்தூதர் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் விளையாட்டு வீரரை உவமையாக்கியது தற்செயலன்று. கொரிந்து நகருக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடைபெற்றன. வென்றவருக்கு இலைகளால் ஆன முடியே சூட்டப்பட்டது. சில நாள்களில் அது வாடிவிடும். வாடும் முடிக்காக அவ்வீரர் தம்மை இத்துணை ஒடுக்கிப் பயிற்றுவித்தால், வாடாத முடியை நாடும் நாம் எவ்வளவு பயிற்சி பெற வேண்டும் என்பதே பவுலின் கேள்வி. முடி வாடும், அதற்காகப் பழகிய தன்னடக்கமோ வாடாது.

2025ஆம் ஆண்டு ஜூபிலி ஆண்டில் விளையாட்டுத் துறையினருக்காக நிறைவேற்றிய திருப்பலியின் மறையுரையில் திருத்தந்தை 14ஆம் லியோ, விளையாட்டு நமக்குத் தோற்கவும் கற்றுத் தருகிறது என்ற கருத்தை வலியுறுத்தினார். வலியவரும் வெல்பவருமே வாழத் தகுந்தவர் என்று எண்ணும் இக்காலத்தில் இது ஆழ்ந்த அறிவுரை. தோற்கத் தெரியாத பிள்ளைக்கு வாழவும் தெரியாது. வென்றே தீர வேண்டும் என்னும் நெருக்குதல்தான் ஊக்கமருந்துக்கும் பொய்க்கும் கதவு திறக்கிறது.

‘போய்ப் படி’ என்னும் பெற்றோருக்கும் எதிர்வீரசிங்கத்தின் வாழ்வில் விடை உண்டு. அமெரிக்காவில் உயர்கல்வி கற்று, கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, கல்விப் பணியில் ஈடுபட்ட அவர் 2024இல் இறைவனடி சேர்ந்தார். மைதானத்தில் கற்ற ஒழுங்கு அவரைப் புத்தகத்திலிருந்து பிரிக்கவில்லை. நம் நாட்டிலும் விளையாட்டில் உயர்ந்த சாதனை படைத்தோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. அதற்கும் உயர்தரப் பரீட்சையில் உரிய சித்தி வேண்டும். எனவே பிள்ளையை இரண்டில் ஒன்றைக் கைவிடச் செய்யாமல், நேரத்தை ஆளக் கற்றுக்கொடுங்கள்.

பெற்றோரே! போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் “எத்தனையாம் இடம்?” என்று முதலில் கேளாதீர்கள். “சாப்பிட்டாயா, காலில் நோவு இருக்கிறதா?” என்று கேளுங்கள். தன்னை வென்றவனின் கையைப் பற்றி வாழ்த்தினானா, நடுவரைத் தூற்றாது தீர்ப்பை ஏற்றானா, தன்னைவிட இளையவருக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தானா என்று கவனியுங்கள். இவற்றில் அவன் வளர்ந்திருந்தால், பதக்கமின்றி வந்தாலும் வீட்டில் அவனைக் கொண்டாடுங்கள்.

இளையோரே! பாடசாலையில் நீங்கள் ஓடும் கடைசி ஓட்டம் ஒருநாள் முடியும். ‘ஓட்டக்காரன்’ என்ற பெயர் அன்றோடு மங்கலாம். அடுத்த ஆண்டு வேறொருவர் உங்கள் சாதனையை முறியடிக்கலாம். ஆயினும் அதிகாலையில் எழுந்த பழக்கமும், வலியைப் பொறுத்த மனமும், தோல்வியில் நிமிர்ந்து நின்ற தலையும் உங்களோடு பாடசாலை வாயிலைக் கடந்து வரும். அவற்றை எவராலும் முறியடிக்க இயலாது.

நம் பிள்ளைகளின் ஒவ்வொரு முயற்சியையும் காணும் இறைவன், தடி வீழ்ந்த வேளையிலும் மீண்டும் ஓடத் தொடங்கும் துணிவை அவர்களுக்கு அருள்வாராக!