முதல் வரி வரமாட்டேங்குதா? நம்ம குன்றத்தூர்க்காரர் சேக்கிழாருக்கும் இதே பிரச்சினைதான்!

கையில் நல்ல வேலை. எழுத வேண்டிய விஷயம் என்னவென்று தெளிவாகத் தெரியும். குறிப்புகள் தயார். ஊரைவிட்டு வேறு ஊருக்கு வந்து, எழுதுவதற்கென்றே நேரமும் ஒதுக்கியாச்சு. ஆனால் முதல் சொல் என்ன?

இந்த நிலையில் சிதம்பரம் கோயிலில் ஒருவர் நின்றார். 12-ஆம் நூற்றாண்டு. பெயர் அருண்மொழித்தேவர், சோழ அரசில் அமைச்சர், சொந்த ஊர் குன்றத்தூர். நமக்குத் தெரிந்த பெயர் சேக்கிழார். இன்று குன்றத்தூரில் இருக்கும் திருநாகேஸ்வரம் கோயிலைக் கட்டியவரும் அவர்தான் என்பது ஊர் மரபு. தினமும் அந்த வழியாக பைக்கில் போரூருக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போகிறவர்களில், போனில் பாதிக் கதையைச் சேமித்து வைத்துவிட்டு அதைத் திறக்கவே தயங்குகிற சிலராவது இருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

அரசன் இரண்டாம் குலோத்துங்கன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான். அதைவிட்டு சிவனடியார்களின் வாழ்க்கையைக் கேளுங்கள் என்று அமைச்சர் சொன்னார். அப்போ நீங்களே எழுதிக் கொண்டுவாங்க என்று அரசன் அனுப்பிவிட்டான். (மீட்டிங்கில் ஐடியா சொன்னால் அந்த வேலை நம் தலையிலேயே விழும் என்பது அப்போதே இருந்திருக்கிறது.) சிதம்பரம் போன சேக்கிழார் நடராஜர் சந்நிதியில் நின்று, எப்படித் தொடங்குவது என்று வேண்டினார். 'உலகெலாம்' என்று ஒரு குரல் கேட்டது. அதையே முதல் சொல்லாக வைத்துப் பெரியபுராணத்தை எழுதினார். இது மரபு சொல்லும் கதை. வரலாற்று ஆதாரம் கேட்டால் யாராலும் கொடுக்க முடியாது.

ஆனால் கதையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. குரல் கொடுத்தது ஒரே ஒரு சொல்லைத்தான். மீதி 4,200-க்கும் மேற்பட்ட பாடல்களை அவர்தான் உட்கார்ந்து எழுதினார்.

தமிழில் இதற்குப் பெயரே இருக்கு

'அடியெடுத்துக் கொடுத்தல்' என்பார்கள். முதல் அடியை வேறொருவர் எடுத்துக் கொடுக்க, கவிஞர் அங்கிருந்து தொடர்வது. கந்தபுராணம் எழுதிய காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியாருக்கு முருகன் எடுத்துக் கொடுத்தார் என்கிறார்கள். திருப்புகழ் பாடிய அருணகிரிநாதருக்கும் அப்படியே.

எனக்குப் பிடித்தது சுந்தரர் கதை. கல்யாணத்தன்று ஒரு வயதான மனிதர் வந்து, நீ எனக்கு அடிமை என்று வழக்குப் போடுகிறார். கோபத்தில் சுந்தரர் அவரைப் 'பித்தா' என்று திட்டிவிடுகிறார். வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு, பாட்டு பாடு என்று கேட்கிறார். என்ன பாடுவது என்று சுந்தரர் தவிக்க, நீ என்னைத் திட்டினாயே, அதையே முதல் சொல்லாக வை என்கிறார் சிவன். தேவாரத்தில் சுந்தரரின் முதல் பதிகம் அப்படித்தான் தொடங்குகிறது. பளபளப்பான ஓப்பனிங் லைன் எதுவும் இல்லை. திட்டு வார்த்தை!

பக்தி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். முதல் வரி உள்ளேயிருந்து ஊறி வர வேண்டும் என்ற கட்டாயத்தை நம் ஆட்கள் வைத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் இந்தக் கதைகள் எல்லாம் சொல்கின்றன.

சரி, எழுத்துத் தடை என்றால் என்ன?

'ரைட்டர்ஸ் பிளாக்' என்ற சொல்லை 1947-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வு மருத்துவர். கைக்குழந்தையாக இருந்தபோது தாய்ப்பால் விஷயத்தில் ஏற்பட்ட ஏமாற்றம் வரைக்கும் இந்தப் பிரச்சினையை இழுத்துக்கொண்டு போனார். அந்த விளக்கத்தை இன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதைவிட நமக்கு உதவுவது 1980-இல் மைக் ரோஸ் என்ற ஆசிரியர் வெளியிட்ட ஆய்வு. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 10 மாணவர்களை எடுத்துக்கொண்டார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேர் திணறாதவர்கள். இரண்டு பக்கமும் புத்திசாலிகள்தான், எழுதத் தெரிந்தவர்கள்தான். வித்தியாசம் அவர்கள் மனதில் வைத்திருந்த விதிகளில் இருந்தது. முதல் வாக்கியமே வாசிப்பவரைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையே பிழையில்லாமல் வர வேண்டும் என்ற மாதிரியான விதிகளைத் திணறியவர்கள் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கும் விதிகள் உண்டு. ஆனால் சரிப்பட்டு வரவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இதை நம்ம ஊர்ச் சிறுகதைக்குப் பொருத்திப் பாருங்கள். கதை என்றால் கடைசியில் ஒரு ட்விஸ்ட் வேண்டும். உரையாடல் அச்சு அசலாக வட்டார வழக்கில் இருக்க வேண்டும். சுஜாதா மாதிரி முதல் பாராவிலேயே வேகம் வேண்டும். இத்தனை பேர் தோளுக்கு மேல் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எழுத வரும்?

பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கு என்ன கஷ்டம்?

கல்கி 1950-இல் 'பொன்னியின் செல்வன்' தொடரை ஆரம்பித்து 1954 வரை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழ் வந்தே ஆக வேண்டும், வாசகர்கள் காத்திருக்கிறார்கள். சுஜாதா பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே தொடர்கதைகள் எழுதினார். அவருக்கும் பின்னால் பத்திரிகை அலுவலகம் நின்றது.

உங்களுக்கு? யாரும் நிற்கவில்லை. அந்தக் கதையை நீங்கள் எழுதாவிட்டால் ஆபீஸில் யாரும் கேட்கப் போவதில்லை. சம்பளம் குறையாது. வீட்டில், "என்னப்பா, அந்தக் கதை என்னாச்சு?" என்று கேட்க ஆள் இல்லை. கேட்டாலும், "எப்பப் பாரு லேப்டாப்பு" என்ற தொனியில்தான் கேட்பார்கள். அதனால் இந்தத் தடை வந்தால் சண்டை சச்சரவே இல்லாமல் எழுத்து நின்றுவிடுகிறது. ஒரு வாரம் ஒரு மாதமாகி, அப்புறம் 'காலேஜ் டேஸ்ல நான் கதையெல்லாம் எழுதுவேன்' என்று சொல்லும் ஆளாகிவிடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் நிஜமாகவே எழுத ஆசைப்படுகிறவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

பெரியவர்களுக்கும் நின்றிருக்கிறது. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே எழுதியவர் சுந்தர ராமசாமி. 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவல் வந்தது. அதன் பிறகு ஆறேழு ஆண்டுகள் எழுத்தில் இடைவெளி. 1970-களில் திரும்பி வந்தார். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் வந்தது. இடைவெளி விழுந்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த வருடக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பெருமாள்முருகன் விஷயம் வேறு. 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அடுத்த மாதமே ஒரு புத்தகம் வெளிவந்தது: 'கோழையின் பாடல்கள்'. கவனியுங்கள், கவிதைகள். நாவல் எழுதும் கை கட்டப்பட்டிருந்த காலத்தில் கவிதை எழுதியிருக்கிறார். நம் ஞாயிற்றுக்கிழமைத் தடையை அவர் பட்டதோடு ஒப்பிடக் கூடாது, அது அநியாயம். ஆனாலும் ஒரு வடிவம் அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கலாம் என்பது யாருக்கும் பொருந்தும். கதை வராத வாரத்தில் அந்தக் கதையின் பாத்திரம் தன் அக்காவுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜை எழுதிப் பாருங்கள்.

மூட் வந்தால்தான் எழுதணுமா?

இதற்கும் ஆய்வு இருக்கிறது. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983-இல் வெளியிட்டது. எழுத்தில் திணறும் கல்லூரிப் பேராசிரியர்கள் 27 பேர், மூன்று குழுக்கள். முதல் குழு அவசரம் இல்லாவிட்டால் எழுதவே கூடாது. இரண்டாவது குழு மூட் வரும்போது எழுதலாம். மூன்றாவது குழு குறிப்பிட்ட நேரத்தில் கட்டாயம் எழுத வேண்டும்.

மூன்றாவது குழு நிறையப் பக்கம் எழுதியதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், புது யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. மூட் குழுவுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. எழுதாமல் 'ஊறப் போட்ட' குழுவுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று. 27 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அவர்கள் எழுதியது கதையும் அல்ல. ஆனாலும் 'உள்ளே ஊறட்டும், அப்புறம் எழுதலாம்' என்று நம்மை நாமே சமாதானப்படுத்தும்போது இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தால் நல்லது.

சேக்கிழாரும் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடித்தார் என்கிறது மரபு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால் நாளுக்குப் பன்னிரண்டு பாடல் வருகிறது. மூடுக்குக் காத்திருந்த ஆளின் வேகம் இல்லை அது.

அவர் வெறும் கையோடும் போகவில்லை. முதலில் சுந்தரர் அடியார்களின் பெயர்களை 11 பாடல்களில் பட்டியல் போட்டிருந்தார், அது திருத்தொண்டத் தொகை. நம்பியாண்டார் நம்பி அதைச் சுமார் 90 பாடல்களாக, ஆளுக்கு ஒரு குறிப்பு என்று விரித்தார். அதன் மேல்தான் சேக்கிழார் கட்டினார். பட்டியல், குறிப்பு, பிறகு காவியம். தமிழின் மிக நீண்ட ரஃப் டிராஃப்ட் இதுவாகத்தான் இருக்கும், மூன்று கை மாறியிருக்கிறது. உங்கள் கதைக்கும் முதலில் பதினொரு வரிப் பட்டியல் போதும். யார், எங்கே, என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள். அழகாக எழுதாதீர்கள், மளிகைச் சீட்டு மாதிரி எழுதுங்கள்.

முதல் வரியைக் கடன் வாங்குங்கள். ஷேர் ஆட்டோவில் காதில் விழுந்த ஒரு வாக்கியம், வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட புகார், எதுவானாலும் சரி. கதை முடிந்த பிறகு அந்த வரியை வெட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. அன்றைய எழுத்தைக் காட்சி முடியும் இடத்தில் நிறுத்தாமல், அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது ஹெமிங்வே சொன்ன பழக்கம். மறுநாள் 'எங்கே ஆரம்பிப்பது' என்ற கேள்வியே எழாது.

வீட்டில் இடம் இல்லை என்பது பலருக்கும் நிஜமான பிரச்சினைதான். அசோகமித்திரன் தி.நகரில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். குன்றத்தூரில் இருப்பவர்களுக்கு முருகன் கோயில் குன்று இருக்கிறது, 84 படி. மேலே உட்கார்ந்து எழுதுங்கள் என்று சொல்லவில்லை, கூட்டத்தில் முடியாது. ஏறி இறங்குங்கள், போதும். நடக்கும்போதும், நடந்து முடித்து உட்கார்ந்த சற்று நேரத்துக்கும் புது யோசனைகள் அதிகமாக வருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் சோதனைகளில் காட்டினார்கள். இறங்கியதும் ரீல்ஸைத் திறக்காமல் நோட்ஸைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாய்ஸ் தன் மூன்றாவது குழுவை எப்படி எழுத வைத்தார் என்று சொல்லவில்லையே. ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே செக் வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைய பக்கத்தை எழுதாவிட்டால் அந்தப் பணம் அவர்கள் அறவே வெறுக்கும் ஓர் அமைப்புக்கு நன்கொடையாகப் போய்விடும். நம்ம ஊரில் செக் தேவையில்லை. நம்பகமான நண்பரிடம் 500 ரூபாய் ஜிபே செய்துவிட்டு, ஞாயிறு இரவுக்குள் ஒரு பக்கம் வரவில்லை என்றால் அதை எந்த நடிகரின் பேனர் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். எந்த நடிகர் என்று நண்பருக்கே தெரியும்.