நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை

வங்கி, மருத்துவமனை, கல்லூரி என எங்கும் மக்களைப் பற்றிய பதிவுகள் தரவுத்தளங்களிலேயே சேமிக்கப்படுகின்றன. அவை இயங்கும் சர்வர்களில் நிறுவப்படும் ஏஜென்ட் எனும் துணை நிரல்கள், வட்டில் இடம் குறைவதையும் வினவல்கள் தாமதமாவதையும் கண்காணிப்பதோடு, குறித்த நேரத்தில் பேக்கப், அதாவது காப்பு நகல், எடுத்து வேறோரிடத்துக்கு அனுப்பியும் வைக்கின்றன. இப்பணி நின்றுபோனாலும் அன்றாட அலுவல் எதுவும் தடைபடாது என்பதால், நின்றதையே எவரும் அறியாமல் மாதங்கள் கழியக்கூடும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத்தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் நேர்ந்தது இதுவே. துணைச் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்பகத்தைப் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைச் சர்வரில் அழிக்க, சுமார் 300 ஜிகாபைட் தரவு நொடிகளில் மறைந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் இருக்க, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இயங்கியதால் நகல் எடுக்கப்படவே இல்லை. பிழையைத் தெரிவித்த மின்னஞ்சல்களும், அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் நெறிக்கு உட்படாமையால், ஏற்கப்படவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த வட்டுப் படிமமே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் உருவான ஏறத்தாழ 700 பயனர் கணக்குகள் உள்ளிட்ட பதிவுகள் அழிந்தன. இவ்வளவையும் அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

எனவே பிழை நேர்ந்தால் மட்டும் எச்சரிக்கும் ஏற்பாடு போதாது. வெற்றிச் செய்தி குறித்த நேரத்தில் வராவிட்டாலே எச்சரிக்கை எழ வேண்டும், நகலைத் தனிச் சர்வரில் அவ்வப்போது மீட்டும் பார்க்க வேண்டும். ஏஜென்ட்டின் கணக்குக்குப் பழைய நகல்களை அழிக்கும் அதிகாரம் தரலாகாது. அக்கணக்கைக் கைப்பற்றும் பிணைத்தொகை வைரஸ் கும்பல் முதலில் அழிப்பது நகல்களைத்தான்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், திருட்டை மட்டுமன்றி, தரவு தற்செயலாக அழிவதையும் எட்டாமற்போவதையும் மீறலாகவே வரையறுத்து, பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் காப்பு நகலை வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன. இக்கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. அவர் முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் ஏற்பாட்டையும், தீர்வு கிட்டாதபோது தரவுப் பாதுகாப்பு வாரியத்தையும் அணுகலாம். ஆயினும் அபராதம் அரசுக் கருவூலத்துக்கே செல்கிறது. இழந்தவருக்கு இழப்பீடு வழங்க இச்சட்டத்தில் வழியில்லை என்பது பெருங்குறை. அது நீங்கும்வரை மருத்துவ அறிக்கை, மதிப்பெண் பட்டியல், கணக்கு விவரம் போன்றவற்றின் படியொன்றை அவரவரும் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வது அவசியமாகிறது.